மாற்றுத்திறனாளிகள்: தர்மம் வாங்குபவர்களா, பாடம் நடத்துபவர்களா?

ஜும்ஆ பயான் – உப்பளம், புதுச்சேரி

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்து வரும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரியவர்களே! ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகிறோம். எந்தப் பள்ளிவாசலானாலும் வாசலில் சிலர் அமர்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை. ஒருவர் மூன்று சக்கர வண்டியில் இருக்கிறார். ஒருவருக்குப் பேச்சு வராது, கையை மட்டும் நீட்டுகிறார். நீங்கள் பையில் கைவிட்டுப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுக்கிறீர்கள். அல்லாஹ் அதைக் கபூல் செய்வானாக.

கொடுத்துவிட்டு நகரும்போது ஒரு கேள்வியை மட்டும் மனதில் கேட்டுப் பாருங்கள். அவர் ஏன் வாசலில் இருக்கிறார்? நம்மோடு ஸஃப்பில் ஏன் இல்லை? மக்தபில் ஓதும் பிள்ளைகளில் அவரைப் போன்ற ஒரு பிள்ளை ஏன் இல்லை? ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகளில் அவரைப் போன்ற ஒருவர் ஏன் இல்லை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். நம் மஹல்லாவிலும் அவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வெளியே தெரிபவர்களைத் தர்மம் வாங்குபவர்கள் என்ற ஒரே பட்டியலில் நாம் எழுதி வைத்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் மதீனாவில் அந்தப் பட்டியல் இப்படி இருக்கவில்லை. இன்றைய பயானில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மதீனாவின் முதல் உஸ்தாதுகளில் ஒருவர்

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் எல்லோரும் அறிவோம். 80-வது அத்தியாயமான 'அபஸ' இறங்கியதற்குக் காரணமானவர். மக்காவின் குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் தீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பார்வையற்ற அந்தத் தோழர் வந்து, தனக்குக் கற்றுத் தருமாறு கேட்டார். நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள். முகம் சுளித்தது அவருக்குத் தெரியாது, அவருக்குப் பார்வை இல்லை. ஆனால் அல்லாஹ் பார்த்தான். தேடி வந்தவரை விட்டுவிட்டு, தேவையில்லை என்று இருப்பவரின் பின்னால் போவது சரியல்ல என்ற கருத்தில் வசனங்கள் இறங்கின. கியாமத் நாள் வரை அவை ஓதப்படும்.

பெரும்பாலான பயான்களில் இந்தச் சம்பவத்தோடு நிறுத்திக்கொள்வோம். பாவம் பார்வையற்றவர், அவரை அலட்சியம் செய்யக் கூடாது என்று பாடம் சொல்லி முடிப்போம். அந்த மனிதர் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறோமா?

ஹிஜ்ரத்துக்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். புகாரியில் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி இது. மதீனாவாசிகளிடம் முதன்முதலில் வந்து சேர்ந்தவர்கள் இருவர். ஒருவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி). மற்றவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). இருவரும் மக்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள். மக்காவில் கற்றுத் தாருங்கள் என்று கேட்டு வந்தவர், மதீனாவில் ஒரு நகரத்துக்கே கற்றுக் கொடுக்கிறார். அன்ஸாரிகளில் எத்தனையோ பேரின் நாவில் முதல் முதலாகக் குர்ஆன் ஏறியது ஒரு பார்வையற்றவர் ஓதிக் கொடுத்து. அவரை நபியவர்கள் மக்காவிலேயே ஓர் ஓரமாக உட்கார வைத்து உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. கண் உள்ள ஒருவரோடு சேர்த்து, சம வேலை கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருவர் கண், ஒருவர் குரல்

அவர் மதீனாவின் முஅத்தினாகவும் இருந்தார். ரமளானில் பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே ஒரு பாங்கு சொல்வார்கள். அதைக் கேட்டு ஸஹரை நிறுத்த வேண்டாம், இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அதே அறிவிப்பில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அவருக்குப் பார்வை இல்லாததால், விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் அவர் பாங்கு சொல்வார்.

இதில் யார் யாருக்கு உதவினார்கள்? விடியலைப் பார்க்க அவருக்கு மற்றவர்களின் கண் தேவைப்பட்டது. நோன்பைத் தொடங்க மதீனா முழுவதற்கும் அவருடைய குரல் தேவைப்பட்டது. கண் தெரிந்த ஆயிரம் பேர் தங்கள் கையிலிருந்த உணவைக் கீழே வைத்தது கண் தெரியாத ஒருவரின் சத்தத்தைக் கேட்டுத்தான். ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள். அதற்குப் பெயர்தான் ஜமாஅத்.

நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது இரண்டு முறை அவரையே மதீனாவின் பொறுப்பாளராக நியமித்துச் சென்றதாக அபூதாவூதில் வருகிறது. அவர்தான் மக்களுக்குத் தொழுகை நடத்தினார். இன்னொரு தோழர் இத்பான் இப்னு மாலிக் (ரலி). அவருக்கும் பார்வை போயிருந்தது. அவர் தம் கூட்டத்தாருக்கு இமாமாக இருந்தார் என்று புகாரியில் பார்க்கிறோம். மழை வந்து ஓடை நிறைந்தால் பள்ளிக்குப் போக முடியவில்லை, தாங்கள் என் வீட்டுக்கு வந்து ஓர் இடத்தில் தொழ வேண்டும், அதை நான் தொழுமிடமாக ஆக்கிக்கொள்கிறேன் என்று நபியவர்களிடம் கேட்டார். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தார்கள். எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அவர் காட்டிய இடத்தில் தொழுதார்கள். அவர் வீடு, அவர் தேவை, அவரே இடத்தைக் காட்டட்டும் என்று விட்டார்கள்.

ஒரு ஹதீஸும் அதைச் சுமந்து வந்தவர்களும்

கண்ணியமானவர்களே! வலிப்பு நோய் இருந்த ஒரு பெண்மணியின் செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றது. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, எனக்கு வலிப்பு வருகிறது, அப்போது என் ஆடை விலகிவிடுகிறது, எனக்காக துஆ செய்யுங்கள் என்றார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், வேண்டுமானால் குணமாக துஆ செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டு வழிகளையும் முன்வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் ஒன்று கேட்டார்: ஆடை விலகாமல் இருக்க துஆ செய்யுங்கள். நபியவர்கள் செய்தார்கள்.

அந்தப் பெண்மணியை நோய் வருத்தியதைவிட, நாலு பேர் முன்னால் மானம் போவதுதான் அதிகமாக வருத்தியது. பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு வலிப்புதான் தெரியும். இது தெரியாது. அவரே சொன்னால்தான் தெரியும். ஆகவே மாற்றுத்திறனாளிக்கு என்ன வேண்டும் என்பதை நாமாக முடிவு செய்யாமல், அவரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு இது ஆதாரம்.

இந்த ஹதீஸின் ஸனதைப் பாருங்கள். இதைச் சொன்னவர் இப்னு அப்பாஸ் (ரலி). பிற்காலத்தில் பார்வையை இழந்தவர். இழந்த பிறகும் மக்காவில் தஃப்ஸீர் பாடம் நடத்தியவர். அவரிடமிருந்து கேட்டு நமக்கு அறிவித்தவர் அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்). அவருக்கு ஒரு கண் இல்லை, கையிலோ காலிலோ முடக்கம் இருந்தது, நொண்டி நடப்பார், கடைசியில் மற்றொரு கண்ணும் போனது என்று வரலாற்று நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. அவர்தான் மக்காவின் முஃப்தி. ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றி அமர்ந்து சட்டம் கேட்டார்கள்.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணியின் செய்தியை, பார்வை போன ஓர் ஆசிரியரிடமிருந்து, நடக்கச் சிரமப்பட்ட ஒரு மாணவர் பெற்று, உம்மத்துக்குக் கொடுத்திருக்கிறார். நீங்களும் நானும் இன்று அதிலிருந்து பாடம் படிக்கிறோம்.

அனுபவித்தவர் சொல்லும் பாடம்

இது பழைய காலக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்திலேயே பாருங்கள்.

தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி என்ற ஊர். அங்கே ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போனவர், உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்து எலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல், அதாவது ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் ஆண்டு என்று அறிவித்த அதே ஆண்டில், தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-ல் சங்கர ராமன் என்ற பட்டயக் கணக்காளர் அவரோடு சேர்ந்தார். அவருக்குத் தசைச் சிதைவு நோய், அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். படுக்கையில் இருப்பவரும் சக்கர நாற்காலியில் இருப்பவருமாக நடத்திய அந்த இடத்தில் பள்ளிக்கூடம், சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் வளர்ந்தன. கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளே சேர்ந்து நடத்தும் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. 2020-ல் ராமகிருஷ்ணன் அவர்களுக்கு அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

நம் புதுச்சேரிக் கடலோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்தவர் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன். 1998-ல், 18 வயதில், இங்கே கடலில் கால் தடுமாறி நீருக்குள் பாய்ந்தபோது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 2013-ல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' என்ற அமைப்பைத் தொடங்கி, தன்னைப் போல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உதவி வருகிறார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தெரியாதவர் நம்மில் யார்? அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

இவர்கள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆனால் நன்மை எங்கே இருந்தாலும் அதிலிருந்து படித்துக்கொள்ள முஃமின் தயங்க மாட்டார்.

இவர்கள் சொல்லிக் கொடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது? மருத்துவர் சொல்லாததா? கொஞ்சம் யோசியுங்கள். ஒரு வாலிபர் மரத்திலிருந்தோ, கட்டட வேலையில் சாரத்திலிருந்தோ, பைக்கிலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபடுகிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறார். உணர்ச்சி இல்லாத உடலில் ஒரே பக்கம் படுத்திருந்தால் புண் வரும். வலிக்காததால் புண் வந்ததே தெரியாது. அது எலும்பு வரை போகும், உயிரையே எடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நாற்காலியில் இருந்தால் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது, கழிவறைக்கு எப்படிப் போவது என்று நூறு விஷயம் இருக்கிறது.

மருத்துவர் இதைக் காகிதத்தில் எழுதித் தருவார். ஆனால் பத்து வருடமாக அப்படியே வாழும் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தம்பி, நானும் இப்படித்தான் படுத்திருந்தேன், இப்போது கடை நடத்துகிறேன், இப்படிக் கையை ஊன்று, இப்படி நகரு என்று செய்து காட்டினால், அந்த வாலிபருக்கு உயிர் திரும்பி வருகிறது. நல்லா இருக்கிற நீங்களும் நானும் போய் ஸப்ரு செய் என்று சொன்னால் அவர் தலையை ஆட்டுவார். அந்த மனிதர் சொன்னால் நம்புவார்.

கைகள் வழியே வந்த ஸனது

நம் ஊரைப் பல காலம் ஆண்ட பிரான்சிலிருந்து இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன்.

லூயி பிரெயில் 1809-ல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே அப்பாவின் தோல் பட்டறையில் கண்ணில் காயம்பட்டுப் பார்வை இழந்தார். பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். பார்வை உள்ளவர்கள் உருவாக்கிய பெரிய புடைப்பு எழுத்துகளைத்தான் அங்கே தடவிப் படிக்க வேண்டும். சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி புள்ளிகளால் ஆன ஒரு முறையைக் கொண்டு வந்தார். அதைச் சுருக்கி, ஒரு விரல் நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளாக லூயி மாற்றியபோது அவருக்கு வயது 15. பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார்.

நிர்வாகம் உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. ஒரு கட்டத்தில் தடையே போட்டார்கள். பிள்ளைகள் விடவில்லை. ஒருவருக்கொருவர் ரகசியமாகக் கற்றுக் கொடுத்தார்கள். 1852-ல் லூயி இறந்தார். 1854-ல்தான் பிரான்சில் அது அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. பார்வை உள்ளவர்கள் தடுத்த எழுத்தைப் பார்வை இல்லாத பிள்ளைகள் விரலிலிருந்து விரலுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். இன்று குர்ஆன் ஷரீஃப் பிரெயிலில் இருக்கிறது. அரபியை நாம் வலமிருந்து இடமாக ஓதுகிறோம். அரபி பிரெயிலை இடமிருந்து வலமாகத் தடவி ஓதுகிறார்கள். எழுத்தின் திசை மாறினாலும் அது அல்லாஹ்வின் கலாம்தான், ஹர்ஃபுக்குக் கிடைக்கும் நன்மையும் உண்டு.

இரண்டாவது உதாரணம் லோரான் கிளெர்க். காது கேளாதவர். அவருக்குக் கற்றுக் கொடுத்த ஜான் மாசியூவும் காது கேளாதவர். கிளெர்க் பாரிஸ் பள்ளியிலேயே ஆசிரியரானார். 1816-ல் தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கர் அவரைத் தம் நாட்டுக்கு அழைத்துப் போனார். ஏறத்தாழ 50 நாள் கப்பல் பயணம். அந்தப் பயணத்தில் கிளெர்க் அவருக்குச் சைகை மொழியைக் கற்றுக் கொடுத்தார், காலடெட் கிளெர்க்குக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். 1817-ல் ஹார்ட்ஃபோர்டில் இருவரும் சேர்ந்து தொடங்கிய பள்ளியிலிருந்து அமெரிக்கா முழுவதும் அந்தக் கல்வி பரவியது. மாசியூவிடமிருந்து கிளெர்க், கிளெர்க்கிடமிருந்து நூற்றுக்கணக்கானோர். நாம் ஸனது என்று சொல்வது போன்ற ஒரு தொடர்தான் இதுவும். வாயால் வராமல் கையால் வந்த தொடர்.

நம் முஸ்லிம் வரலாற்றிலும் இது உண்டு. உஸ்மானிய சுல்தான்களின் அரண்மனையில் வாய் பேச இயலாதவர்கள் பணியில் இருந்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சைகை மொழியைக் கற்றுக் கொடுத்தார்கள். அரண்மனையில் காது கேட்பவர்களும் அதைப் படித்துப் பயன்படுத்தினார்கள். நம் ஃபிக்ஹு நூல்களில், வாய் பேச இயலாதவரின் புரியும்படியான சைகை பேச்சுக்குச் சமம் என்று சட்டம் இருக்கிறது. அவர் சைகையால் நிகாஹ் செய்யலாம், வியாபாரம் செய்யலாம். உஸ்மானியர் தொகுத்த மஜல்லா சட்டத்திலும் 70-வது விதியாக இது இடம்பெற்றது. ஷரீஅத் அவருடைய கையை நாவாக ஏற்றுக்கொண்டது. நாம் இன்னும் அந்தக் கையின் மொழியைப் படிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் காது கேளாத ஒரு சகோதரர் நம் நடுவில் உட்கார்ந்து, மிம்பரில் அசையும் உதடுகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போகிறார். எத்தனை வருடமாக!

சிலர் சொல்லும் காரணங்கள்

சிலர் சொல்வார்கள்: பெற்றோர் செய்த பாவம், பிள்ளை இப்படிப் பிறந்தது. அஸ்தஃக்ஃபிருல்லாஹ்! ஒருவர் செய்த பாவத்தின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் சொல்லும் கொள்கை. இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை தாய்மார்கள் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறார்கள்! அந்தக் கதவைப் பூட்டிய சாவி நம் நாக்கு.

இன்னும் சிலர் அக்கறையோடு சொல்வார்கள்: அவருக்கு எதற்குச் சிரமம், வீட்டிலேயே இருக்கட்டும். 24-வது அத்தியாயமான அந்நூரின் 61-வது வசனத்தைப் பாருங்கள். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் மற்றவர்களோடு சேர்ந்து உண்பதில் குற்றமில்லை என்ற கருத்து அதில் வருகிறது. தஃப்ஸீர்களில் இதற்கு ஒரு பின்னணி சொல்கிறார்கள். பார்வையற்றவருக்கு நல்ல கறித் துண்டு எது என்று தெரியாதே, கால் இயலாதவரால் நெருங்கி உட்கார முடியாதே, நாம் அதிகம் சாப்பிட்டுவிட்டால் அநியாயம் ஆகிவிடுமே என்று பயந்து மதீனாவில் சிலர் அவர்களோடு ஒரே தட்டில் உண்பதைத் தவிர்த்தார்களாம். வெறுப்பு இல்லை, பேணுதல்தான். ஆனால் முடிவு என்ன? அவர்கள் தனியாகிவிட்டார்கள். அல்லாஹ் அந்தப் பேணுதலை நீக்கி, சேர்ந்து உண்ணச் சொன்னான்.

மூன்றாவது காரணம்: அவருக்குத்தான் மார்க்கத்தில் சலுகை இருக்கிறதே! ஆம், இருக்கிறது. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, முடியாவிட்டால் விலாப் பக்கம் சாய்ந்து தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னார்கள். ஆனால் முஸ்லிமில் வரும் இன்னொரு செய்தியையும் கேளுங்கள். பார்வையற்ற ஒருவர், என்னைப் பள்ளிக்கு அழைத்து வர ஆள் இல்லை, வீட்டிலேயே தொழலாமா என்று கேட்டார். அனுமதித்தார்கள். அவர் திரும்பியபோது கூப்பிட்டு, பாங்கு கேட்கிறதா என்றார்கள். ஆம் என்றார். அப்படியானால் பதில் சொல்லுங்கள், வாருங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். இதன் சட்டத்தை இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள், உண்மையான தங்கடம் உள்ளவருக்குச் சலுகை உண்டு. ஆனால் இதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. நீங்களும் அழைக்கப்பட்டவர்தான் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. பாங்கு அவர் காதில் விழுகிறது. அழைத்து வர ஆள் இல்லை என்பது அவருடைய குறையா, மஹல்லாவின் குறையா?

இரு கண்களை இழந்து பொறுமை காத்தவருக்குச் சொர்க்கத்தை ஈடாகத் தருவதாக அல்லாஹ் வாக்களித்திருப்பது புகாரியில் வருகிறது. அந்தக் கூலி அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு அவரை ஸப்ரு செய்யச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பொறுமை அவருடைய அமல், பாதை போடுவது நம்முடைய அமல்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலில், இதைப் படிக்கும் நீங்கள் மாற்றுத்திறனாளியாக இருந்தால் உங்களிடம் பேசுகிறேன். உங்களிடம் ஒரு கல்வி இருக்கிறது. அது ஓதிப் பட்டம் வாங்கிய என்னிடம் இல்லை. உதாரணமாக ஒன்று. தண்டுவடம் அடிபட்டுச் சிறுநீர்ப் பை மாட்டியிருக்கும் பலர், நான் அசுத்தமானவன் என்று நினைத்துத் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. சிறுநீர் தொடர்ந்து வருபவருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்த பிறகு ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஒளு செய்துகொள்வார். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒரு ஒளு போதும். தண்ணீர் பயன்படுத்த முடியாதவருக்குத் தயம்மும் உண்டு. இந்தச் சட்டத்தை நான் சொல்லலாம். ஆனால் பையோடு தொழும் ஒருவர், பையோடு தொழாமல் இருக்கும் ஒருவரிடம் போய்ச் சொன்னால் அவர் அன்றே தக்பீர் கட்டுவார். ஆகவே உங்களைப் போன்ற இன்னொருவரைத் தேடிப் போங்கள். ஒருவருக்குக் கற்றுக் கொடுங்கள், ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அது ஸதகத்துல் ஜாரியா.

இரண்டாவது, பெற்றோர்களே! பிள்ளையை மறைக்காதீர்கள். மக்தபுக்கு அழைத்து வாருங்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. கல்வி உரிமையும் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் அதில் உண்டு. தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். உரிமையைக் கேட்டு வாங்குவது தவக்குலுக்கு முரண் இல்லை.

மூன்றாவது, ஜமாஅத் நிர்வாகிகளே! சாய்தளம் போடுங்கள். பலகையைச் சாய்த்து வைத்தால் போதாது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் போட்டால்தான் சக்கர நாற்காலியில் வருபவர் தானே ஏறி வர முடியும். ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு குழாயை நாற்காலிக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். சக்கரத்தைத் துடைக்க வாசலில் ஓர் ஈரத் துணி வையுங்கள், தரை விரிப்பு அழுக்காகும் என்ற பேச்சுக்கு அதோடு முற்றுப்புள்ளி. பயானின் சுருக்கத்தை எழுதிக் கொடுங்கள். சைகை மொழி தெரிந்த ஒருவரை உருவாக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றைத் திட்டமிடும் கூட்டத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை உட்கார வையுங்கள். இத்பான் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கேட்டதைப் போல, எங்கே வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

நான்காவது, நாம் எல்லோரும். மஹல்லாவில் பார்வையற்ற ஒருவர் ஹிஃப்ளு செய்திருந்தால் அவரிடம் உங்கள் பிள்ளையை ஓத அனுப்புங்கள். மனப்பாடம் என்றால் என்ன என்று அவரைவிட யார் சொல்லிக் கொடுப்பார்? உங்களில் பலவீனமானவர்களின் பொருட்டால்தான் உங்களுக்கு உதவியும் ரிஸ்க்கும் கிடைக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்னது புகாரியில் இருக்கிறது. நாம் அவர்களுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் பொருட்டால் அல்லாஹ் நமக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இன்று கண்ணும் காலும் காதும் நன்றாக இருக்கும் நமக்கு, ஆயுள் நீண்டால் அவை ஒவ்வொன்றாகத் தளரும். அன்று பள்ளிவாசல் படியில் கைப்பிடியைத் தேடுவது நாமாக இருப்போம். காது மந்தமாகி, இமாம் என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்பது நாமாக இருப்போம். அன்று நமக்கு வழி சொல்லித் தரப் போகிறவர்கள், இன்று நாம் வாசலில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பார்வையிலும் செவியிலும் உடலிலும் ஆஃபியத்தைத் தருவாயாக! சோதிக்கப்பட்டவர்களுக்கு அழகிய பொறுமையையும் நிறைவான கூலியையும் தருவாயாக! அவர்களிடம் நீ வைத்திருக்கும் கல்வியைப் பெற்றுக்கொள்ளும் பணிவை எங்களுக்குத் தருவாயாக! உன் பள்ளிவாசல்களின் வாசலை அவர்களுக்குச் சிரமமில்லாமல் திறந்து வைக்கும் தவ்ஃபீக்கை எங்கள் ஜமாஅத்துகளுக்குத் தருவாயாக! நாளை மறுமையில் பார்வை உள்ளவர்களாக எங்களை எழுப்புவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.